ராய் பிரான்சிஸ்: ரக்பி லீக் மறந்துபோன கோச்

யூடியூபில் ஒரு பழைய வீடியோ இருக்கிறது. 1968 மே 11, லண்டன் வெம்ப்ளி மைதானம், ரக்பி லீக் சேலஞ்ச் கப் ஃபைனல். புயல் மழை பெய்து மைதானம் குளமாகக் கிடக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 7. அந்த நேரத்தில் வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் ஈரப் புல்லில் பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே ஓடி, கோல் கம்பங்களுக்கு நேர் கீழே ட்ரை வைக்கிறார். அப்போது ஒரு ட்ரைக்கு 3 புள்ளி. ஸ்கோர் 11-10. அடுத்து கன்வெர்ஷன் உதை, அது போனால் 2 புள்ளி. கோப்பை வேக்ஃபீல்டுக்கு. நேர் எதிரே கம்பம், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் போகும் என்று சொல்லக்கூடிய தூரம். டான் ஃபாக்ஸ் ஓடிவந்து உதைக்கிறார். பந்து வழுக்கி விலகிப் போகிறது. அவர் அப்படியே தரையில் விழுகிறார். வர்ணனையாளர் எடி வேரிங் அவருக்காகப் பரிதாபப்படுகிறார்.

ரக்பி பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. தோற்ற பக்கத்தின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். சரி, ஜெயித்த லீட்ஸ் அணியின் கோச் யார்?

அவர் பெயர் ராய் பிரான்சிஸ். வேல்ஸ்காரர், கறுப்பினத்தவர். இதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில், லீக் என்றால் என்ன

கதைக்குப் போகும் முன் சின்ன விளக்கம். ரக்பியில் இரண்டு வகை உண்டு: யூனியன், லீக். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்து பாகம் பிரிந்தவை. பிரிந்த தேதி 1895 ஆகஸ்ட் 29, இடம் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டல். சண்டை பணத்துக்காக. வட இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்த ஆட்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போகும். அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டலாம் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. தெற்கில் இருந்த தலைமை மறுத்தது. வடக்கு தனியாகப் போய்விட்டது. பிறகு விதிகளும் மாறின. யூனியனில் 15 பேர், லீக்கில் 13 பேர்.

அதற்குப் பிறகு ஒருவர் லீக்கில் காசு வாங்கி ஆடினால் யூனியன் கதவு அவருக்கு ஆயுள் முழுக்க மூடப்பட்டது. 1995இல் யூனியனும் காசு கொடுக்கத் தொடங்கும்வரை அந்த நிலைதான். வேல்ஸில் யூனியன்தான் ஊர்த் திருவிழா மாதிரி. அங்கே லீக் கிளப்பில் கையெழுத்துப் போடுவது என்றால் ஊரை விட்டுப் போவது. சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் பலர் அப்படிப் போனார்கள். கறுப்பினப் பையன்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வேல்ஸ் யூனியன் தேசிய அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இடம்பெற 1980கள் ஆயின.

விகன், பாரோ, போர்

ராய் பிரான்சிஸ் 1919இல் கார்டிஃபில் பிறந்தவர். வளர்ந்தது பிரின்மவுர் என்ற மலையடிவார ஊரில், வளர்ப்புத் தாயிடம். 1936இல், 17 வயதில், விகன் கிளப்பில் சேர்ந்தார். விங்கர். அதாவது மைதானத்தின் ஓரத்தில் நின்று, கடைசியில் கைக்கு வரும் பந்தை வாங்கிக்கொண்டு பறக்கும் ஆள்.

விகன் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய கிளப். 17 வயதுப் பையனுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் கொஞ்ச காலத்தில் ஹாரி சண்டர்லேண்ட் என்ற ஆஸ்திரேலியர் அங்கே மேனேஜராக வந்தார். 1939 தொடக்கத்தில் பிரான்சிஸ் பாரோ கிளப்புக்கு விற்கப்பட்டார். தோலின் நிறம்தான் காரணம் என்று பிரான்சிஸைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள். அவர் அதற்குப் பிறகு எத்தனை ட்ரை அடித்தார் என்று பார்த்தால், ஆட்டம் போதவில்லை என்று மட்டும் சொல்லவே முடியாது. மொத்தக் கணக்கு இருநூறைத் தாண்டும்.

பாரோ போன சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர். பிரான்சிஸ் ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், சார்ஜென்ட் பதவி. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். போர்க்காலத்தில் ஆட்டக்காரர்கள் தங்கள் முகாமுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளப்புக்கு விருந்தாளியாக ஆடலாம் என்று ஏற்பாடு. பிரான்சிஸ் ட்யூஸ்பரி கிளப்புக்கு ஆடினார். அந்தக் கிளப்பை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் எடி வேரிங். ஆமாம், 1968இல் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அதே வேரிங்!

கப்பலில் இல்லாத பெயர்

1946இல் கிரேட் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா டூர் போனது. போர் முடிந்த மறு வருஷம், பயணிகள் கப்பல் கிடைக்காமல் 'இண்டாமிடபிள்' என்ற போர்க்கப்பலில் போனார்கள். அதனாலேயே அந்த அணிக்கு 'இண்டாமிடபிள்ஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியாவிடம் ஒரு டெஸ்ட்கூடத் தோற்காமல் திரும்பிய அணி அது.

அதில் பிரான்சிஸ் இல்லை. பாரோவிலிருந்து இன்னொரு விங்கரான ஜிம் லூத்வெய்ட் போனார். பிரான்சிஸை விட்டதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்: ஆஸ்திரேலியாவில் அப்போது 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை நடப்பில் இருந்தது. 1901 குடியேற்றச் சட்டத்தில் தொடங்கியது, முழுசாகக் கைவிடப்பட்டது 1973இல்தான். அப்படிப்பட்ட நாட்டுக்குக் கறுப்பின ஆட்டக்காரரைக் கூட்டிப் போனால் விருந்து கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று இங்கேயே முன்கூட்டி ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அந்த அணியின் கேப்டன் கஸ் ரிஸ்மன். கார்டிஃபின் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவர், லாட்வியாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். அதாவது குடியேறிகளின் பிள்ளை கேப்டனாகப் போகலாம், தோல் வெள்ளையாக இருக்கும்வரை. லீக் எல்லாரையும் சேர்த்துக்கொண்ட விளையாட்டு என்று அதன் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். யூனியனோடு ஒப்பிட்டால் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெருமைக்கு எல்லை எங்கே முடிந்தது என்பது இந்தக் கப்பலில் தெரிகிறது.

மறு வருஷம் ஒரு வாய்ப்பு வந்தது. 1947 டிசம்பர் 20, பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானம், நியூசிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். கிரேட் பிரிட்டனுக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார் பிரான்சிஸ். இரண்டு ட்ரை அடித்தார். பிரிட்டன் 25-9 என்று ஜெயித்தது.

அதற்குப் பிறகு அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஒரே ஒரு டெஸ்ட், இரண்டு ட்ரை, அவ்வளவுதான். ஒரு கறுப்பின ஆட்டக்காரர் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு டூர் போனது 1954இல். அவர் பில்லி பாஸ்டன். அதற்குள் பிரான்சிஸுக்கு வயது 35.

ஹல் நகரத்தில் ஒரு கோச்

வாரிங்டன் வழியாக 1949இல் ஹல் கிளப்புக்கு வந்தார். ஹல் கிழக்குக் கரையில் இருக்கும் மீன்பிடித் துறைமுக நகரம். ஊருக்கு இரண்டு லீக் கிளப். மேற்குப் பக்கம் ஹல் எஃப்சி, கிழக்குப் பக்கம் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். பிரான்சிஸ் வந்தது மேற்குப் பக்கம். 1951இல் ஆடிக்கொண்டே கோச்சாகவும் ஆனார்.

பிரிட்டனின் தொழில்முறை விளையாட்டில் முதல் கறுப்பினக் கோச் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான். கால்பந்தோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். அங்கே ஃபுட்பால் லீக்கில் முதல் கறுப்பின மேனேஜர் டோனி காலின்ஸ், ராச்டேல் கிளப்பில், 1960இல். (ரக்பி வரலாறு எழுதும் டோனி காலின்ஸ் வேறு ஆள். தேடும்போது நான் நன்றாகவே குழம்பினேன்.)

சரி, டூருக்குக் கூப்பிடாத விளையாட்டு எப்படிக் கோச் நாற்காலியைக் கொடுத்தது? இதை யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றுவது இது. டூர் அணியைத் தேர்ந்தெடுப்பது ஒரு கமிட்டி. நாட்டின் முகமாக யாரை அனுப்புவது என்பது அங்கே கேள்வி. கிளப் இயக்குநர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்த சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும், கேட்டில் டிக்கெட் விற்க வேண்டும். தினமும் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆளின் திறமையை மறுப்பது கஷ்டம். அதோடு அந்தக் காலத்தில் கோச் வேலைக்கு இன்றைக்கு இருக்கும் பளபளப்பு கிடையாது. ஆட்டக்காரர்களே பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருபவர்கள். பல கிளப்புகளில் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி நாலு ஓட்டம், கொஞ்சம் பந்து, முடிந்தது. அணித் தேர்விலேயே இயக்குநர்கள் கை வைப்பார்கள்.

அந்த வேலையைத்தான் பிரான்சிஸ் வேறாக்கினார்.

அவர் என்ன செய்தார்

ராணுவத்தில் கற்ற உடற்பயிற்சி இங்கே உதவிக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே பயிற்சி என்பதை விட்டு, ஆளுக்குத் தக்க பயிற்சி. பெரிய உடம்புக்கார ஃபார்வர்டுகளையும் ஓட்டத்தில் வேகப்படுத்தினார். தானே முன்னால் நின்று ஓடிக் காட்டுவார். ஆட்டத்தைப் படம் பிடித்து, போட்டுக் காட்டி, தப்பு எங்கே என்று விளக்கினார். இப்போது பள்ளிக்கூட டீம்கூட மொபைலில் இதைச் செய்யும். 1950களில் அப்படி இல்லை.

ஆனால் அவருடைய ஆட்டக்காரர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு விஷயம். மனசு. ஒருத்தனைத் திட்டினால் ஓடுவானா, தட்டிக்கொடுத்தால் ஓடுவானா என்று ஆளைப் பார்த்துப் பேசுவாராம். ஆட்டக்காரர்களின் மனைவிமார், குடும்பத்தார் மேட்சுக்கு வர வண்டி ஏற்பாடு செய்தார். வீட்டில் நிம்மதி இருந்தால்தான் மைதானத்தில் கால் ஓடும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு இதற்கென்று தனி வேலையாட்கள் கிளப்புகளில் சம்பளம் வாங்குகிறார்கள்.

பலன் வந்தது. ஜானி வைட்லி, டாமி ஹாரிஸ், மிக் ஸ்காட் போன்றவர்கள் இருந்த ஹல் ஃபார்வர்டு வரிசை அந்தக் காலத்தின் பேர்போன வரிசைகளில் ஒன்று. 1956 சாம்பியன்ஷிப் ஃபைனலில் ஹாலிஃபாக்ஸை 10-9 என்று ஜெயித்தார்கள். கடைசி நிமிஷங்களில் காலின் ஹட்டன் உதைத்த பெனால்டிதான் வித்தியாசம். மறு வருஷமும் ஃபைனல், ஓல்டமிடம் 15-14 என்று தோல்வி. 1958இல் வொர்க்கிங்டனை 20-3 என்று அடித்து மறுபடி சாம்பியன். 1959, 1960 இரண்டு வருஷமும் வெம்ப்ளி ஃபைனல் போய், இரண்டிலும் நன்றாகத் தோற்றார்கள்.

கோப்பை எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது 1961இல் நடந்த ஒன்று. கார்டிஃபிலிருந்து வந்த ஒரு பையன் ஹல் அணியில் சோதனை ஆட்டம் ஆடினான். ராணுவத்தில் வேலை, முழங்காலில் பழைய பிரச்சினை. உண்மைப் பெயரைப் போடாமல் 'ஏ. என். அதர்' என்று அணிப் பட்டியலில் போட்டார்கள். மூன்று ட்ரை அடித்தான். பிரான்சிஸ் உடனே கையெழுத்து வாங்கினார். அந்தப் பையன் கிளைவ் சல்லிவன். 1972இல் அவர் கிரேட் பிரிட்டன் கேப்டன். பெரிய விளையாட்டுகளில் பிரிட்டன் தேசிய அணி ஒன்றுக்குக் கேப்டனான முதல் கறுப்பினத்தவர். அந்த வருஷம் உலகக் கோப்பையை அவர் தலைமையில்தான் ஜெயித்தார்கள். கால்பந்தில் இங்கிலாந்து முதன்மை அணிக்கு ஒரு கறுப்பின ஆட்டக்காரர் ஆடவே 1978 வரை, விவ் ஆண்டர்சன் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஹல் நகருக்குள் நுழையும் பெரிய சாலைக்கு 'கிளைவ் சல்லிவன் வே' என்று பெயர். அவரைக் கண்டெடுத்தவரின் பெயர் அந்தப் பலகையில் இல்லை.

லீட்ஸ், அந்த மழை

1963இல் லீட்ஸ் போனார். இங்கே ஒரு விதி மாற்றம் அவருக்குத் தோதாக வந்தது. அதுவரை லீக்கில் எத்தனை முறை மடக்கப்பட்டாலும் பந்தைத் தன் கையிலேயே வைத்திருக்கலாம். உடல் பலம் உள்ள அணி பந்தை விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும், பார்ப்பவனுக்குக் கொட்டாவி வரும். 1966இல் நான்கு முறை மடக்கினால் முடிந்தது என்று விதி வந்தது (பிறகு ஆறு ஆனது). இப்போது அந்த நான்குக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். வேகம், ஓரம்வரை பந்தைக் கொண்டுபோவது, ஓட்டக்காரர்கள். பிரான்சிஸ் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்ததே அதுதான். 1966-67, 1967-68 இரண்டு சீசனிலும் லீட்ஸ் லீக் பட்டியலில் முதலிடம்.

பிறகு அந்த வெம்ப்ளி. லீட்ஸின் கடைசி 2 புள்ளியை உதைத்தவர் பெவ் ரிஸ்மன். 1946 கப்பலின் கேப்டன் கஸ் ரிஸ்மனின் மகன்! அப்பா கேப்டனாகப் போன டூரில் இடம் கிடைக்காதவருக்கு மகன் ஆடி வெம்ப்ளி கோப்பை வாங்கிக் கொடுத்தார். இதை யாராவது கதையாக எழுதினால் ரொம்ப ஜோடனை என்று நாமே சொல்வோம்.

டான் ஃபாக்ஸ் அதை உதைத்திருந்தால் பிரான்சிஸின் கணக்கு மாறியிருக்குமா? கோப்பைக் கணக்கு மாறியிருக்கும். 10-9, 14-15, 11-10 என்று மூன்று ஃபைனல்கள் ஒரு புள்ளியில் முடிந்திருக்கின்றன அவருக்கு. இரண்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஒரு கோச்சின் வேலை அணியை அந்த ஒரு புள்ளி தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதுவரைதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு மேலே மழை இருக்கிறது, புல் இருக்கிறது.

இருபத்து மூன்று வருஷம் கழித்து ஆஸ்திரேலியா

வெம்ப்ளி ஜெயித்த கையோடு லீட்ஸை விட்டு, சிட்னியின் நார்த் சிட்னி கிளப்புக்குப் போனார். 1969, 1970 இரண்டு சீசன். ஆட்டக்காரராகப் போக முடியாத நாட்டுக்குக் கோச்சாக. கென் இர்வின் போன்ற பெரிய விங்கர் அங்கே இருந்தார். ஆனாலும் ஒட்டவில்லை. இரண்டு வருஷமும் அணி இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. நிறத்தை வைத்துப் பேச்சும் அவமதிப்பும் இருந்தன என்பது பலரும் பதிவு செய்திருப்பது. இதற்கிடையே அவர் உருவாக்கிவிட்டுப் போன லீட்ஸ் அணி 1969இல் சாம்பியன்ஷிப் ஜெயித்தது.

திரும்பி வந்து மறுபடி ஹல், மறுபடி லீட்ஸ். 1975இல் லீட்ஸுக்கு பிரீமியர்ஷிப் கோப்பை, ஃபைனலில் செயின்ட் ஹெலன்ஸை 26-11 என்று ஜெயித்து. நடந்த இடம் சென்ட்ரல் பார்க், விகன் கிளப்பின் மைதானம். 17 வயதில் அவர் வந்து சேர்ந்த, இருபதாவது வயதில் அனுப்பப்பட்ட அதே இடம். அந்த ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கு அப்போது கொடுத்த விருதின் பெயர் என்ன தெரியுமா? ஹாரி சண்டர்லேண்ட் கோப்பை. விகனிலிருந்து அவர் போகும்போது மேனேஜராக இருந்தவரின் பெயரில். அன்றைக்கு அது ஒரு லீட்ஸ் ஆட்டக்காரருக்குப் போனது.

அடுத்து பிராட்ஃபோர்டில் இரண்டு சீசன், 1977இல் ஓய்வு. 1989இல் காலமானார்.

எனக்குப் பிடிபட்டது

அவரைப் பற்றி இப்போது எழுதுபவர்கள் எல்லாரும் 'முதல் கறுப்பினக் கோச்' என்று ஆரம்பிக்கிறார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தேன். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அவரை மறுபடியும் நிறத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். படம் போட்டுக் காட்டியது, ஆளுக்கு ஏற்ற பயிற்சி, குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டது, பெரிய உடம்பை ஓட வைத்தது... இவை இன்றைக்கு எல்லாக் கோச்சுகளும் செய்பவை. பழக்கமாகிவிட்ட ஒன்றுக்கு முதலில் யார் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் மறக்கப்பட்டதில் நிறத்துக்குப் பங்கு உண்டு. வேலை அவ்வளவு நன்றாகப் பரவிவிட்டதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. பிரான்சிஸ், பாஸ்டன், சல்லிவன் மூன்று பேரும் விங்கர்கள். கறுப்பின ஆட்டக்காரர் என்றால் வேகம், அதனால் ஓரத்தில் நிறுத்து. யோசித்து ஆட்டத்தை நடத்தும் நடு இடங்கள் மற்றவர்களுக்கு. இந்த வழக்கம் பல விளையாட்டுகளில் ரொம்ப காலம் இருந்தது. ஓரத்தில் நிறுத்தப்பட்டவர் அங்கிருந்தே முழு ஆட்டத்தையும் படித்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் கோச்சான பிறகுதான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

2023இல் பிரின்மவுர் ஊர்ச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இறந்து 34 வருஷம் கழித்து. அந்த வெம்ப்ளி வீடியோவை அடுத்த முறை பார்க்கும்போது டான் ஃபாக்ஸுக்காக வருத்தப்படுங்கள், வருத்தப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த மழையில் இன்னொரு அணியும் இருந்தது. அதைத் தயார் செய்த ஆளையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.